சத்தம் கேக்குது... பேச்சு கேக்கலையே!

கூம்புக் குழாயில் ஆரம்பித்து காலேஜ் ஆடிட்டோரியம் வரை... மதுரைக்காரர்களின் காதுக்குள் ஒரு ரவுண்டு!

மதுரையில் ஒரு கல்லூரி. பட்டமளிப்பு விழா. என் அத்தை மகனுக்கு அன்றைக்கு டிகிரி கொடுக்கிறார்கள். அவங்க வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து அத்தை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கிவிட்டார். ஆனாலும் இடம் கிடைத்தது என்னவோ கடைசி வரிசையில்தான்.

மேடையில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்கிறது. பேர் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் அத்தை என் கையைப் பிடித்து இழுத்து, "இப்பச் சொன்னது நம்ம பயலா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கறுப்பு அங்கி போட்டு வரிசையில் போன அத்தனை பேரும் அந்தத் தூரத்தில் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். கடைசியில் அவன் மேடை ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. சான்றிதழோடு அவனே எங்களைத் தேடி வந்து நின்றான்.

அத்தை சொன்னது ஒரே ஒரு வரி. "என்னடா இது... சத்தம் கேக்குது. பேச்சு கேக்கலையே!"

சவுண்ட் இன்ஜினியரிங் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டிய வரி அது. விழா முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக் செட் அண்ணனிடம் போய்க் கேட்டேன். "தம்பி, ரெண்டாயிரம் வாட்ஸ் இறக்கியிருக்கேன். இதுக்கு மேல என்ன செய்ய?" என்றார். அவர் மேலும் முழுத் தப்பு இல்லை. நாம் எல்லோருமே ஸ்பீக்கர் என்றால் வாட்ஸ் என்று நம்பி வளர்ந்தவர்கள்தானே!

வாட்ஸ் கூடினால் சத்தம் கூடும். தெளிவு கூடுமா? அதைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஸ்பீக்கரின் வடிவம். இன்னொன்று, அது ஒலிக்கிற இடம். வாங்க, ஊருக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுவோம்.

குழாய் கட்டின ஊரு!

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்தில் எந்தக் கிராமத்தில் பிறந்தவராக இருந்தாலும் கூம்புக் குழாய் உங்களுக்கு சொந்தக்காரர் மாதிரி. புளியமரத்தில் ரெண்டு, மின்கம்பத்தில் ரெண்டு என்று கட்டிவிட்டால் காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எதுவாக இருந்தாலும் எட்டு ஊருக்குத் தெரிந்துவிடும்.

அந்தத் தகரக் குழாய்க்குள் என்ன இருக்கிறது? அடிப்பகுதியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு 'யூனிட்'. அதற்குள் ஒரு சின்ன சவ்வு. அவ்வளவுதான்! அந்தச் சவ்வை வெறுமனே வெளியே எடுத்து ஆட்டினால் கொசு கத்துகிற மாதிரிதான் கேட்கும். காரணம், சவ்வு சின்னது, வெளியே இருக்கிற காற்றோ பெரியது. சவ்வு ஆடுகிற சக்தியில் பெரும்பகுதி காற்றில் ஏறாமலே வீணாகிவிடும். நடுவில் ஒரு கூம்பை வைத்தால் குறுகலான வாயில் பிறக்கிற அழுத்தம், மெல்ல மெல்ல விரிந்து வெளிக்காற்றோடு பொருந்திப் போகிறது. சாதாரண பெட்டி ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கிற மின்சாரத்தில் சுமார் 1 சதவிகிதத்தைத்தான் ஒலியாக்கும். மிச்சம் எல்லாம் சூடு! நல்ல ஹார்ன், அதைப்போல பத்து மடங்குக்கு மேல் ஒலியாக்கும்.

அதனால்தான் கரன்ட்டே இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடுகிற குட்டி ஆம்ப்ளிஃபயரை வைத்து ஊரையே எழுப்ப முடிந்தது. பெரிய வாட்ஸ் கிடைக்காத காலத்துக்கு அதுதான் புத்திசாலித்தனமான டிசைன்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. குழாய் எவ்வளவு கீழ் ஸ்தாயி வரை பாடும் என்பதை அதன் நீளமும் வாய் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. ஊரில் கட்டுகிற குழாய் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். அதில் தவில் கேட்டிருக்கிறீர்களா? 'தொம்' காணாமல் போய் 'டக் டக்' மட்டும்தான் மிஞ்சும். பேச்சு மட்டும் 'கணீர்' என்று கேட்கும்.

இன்னொரு ரகசியமும் உண்டு. பகலில் பக்கத்து ஊர்க் குழாய் கேட்காது. மார்கழி விடியற்காலையில் அதே பாட்டு போர்வைக்குள் புகுந்து காதில் விழும். கவனித்திருக்கிறீர்களா? பகலில் தரை சூடு. தரையை ஒட்டிய காற்றில் ஒலி வேகமாகப் போகும், மேலே உள்ள குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே தப்பித்துவிடும். ராத்திரி தரை குளிர்ந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஒலி கீழ்நோக்கி வளைந்து வந்து வயற்காட்டை ஒட்டியே ஓடும். மரம், மாடி எதுவும் குறுக்கே இல்லாத சமவெளி வேறு. கேட்கவா வேண்டும்!

குளிர்ச்சியாகத் தூங்குகிறவர்களுக்கு அது பக்தி. மறுநாள் பிளஸ் டூ பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு அது தண்டனை. அதனால்தான் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று சொல்கின்றன. திருவிழாக்களுக்காக வருஷத்தில் சில நாள் மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். 'கூம்பு வேண்டாம், பெட்டிதான் வைக்கணும்' என்று போலீஸ் அனுமதியில் நிபந்தனை வருவதும் நம் பக்கம் சகஜமாகிவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தால் எல்லாமே டிசைன் சமாச்சாரம்தான்!

பானைக்குள்ளே பாட்டு

அடுத்து, டீக்கடைக்குப் போவோம். கேசட் காலத்து டீக்கடை, சைக்கிள் கடை, சலூன் எதை நினைத்துப் பார்த்தாலும் ஒரு காட்சி ஞாபகம் வரும். சுவர் மூலையில் ஒரு மண்பானை. அதன் வாயில் ஒரு ஸ்பீக்கர். உள்ளேயிருந்து இளையராஜா!

கிண்டல் செய்யாதீர்கள். அது உண்மையிலேயே நல்ல டிசைன்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்கும், பின்பக்கக் காற்று விலகும். முன்னால் ஒரு அலை, பின்னால் அதற்கு நேர் எதிரான அலை. வெறும் ஸ்பீக்கரை மேசை மேல் வைத்துப் பாட விட்டால், பின்னால் கிளம்பிய அலை ஓரம் வழியாகச் சுற்றிவந்து முன்னால் இருப்பதை அடித்துத் தின்றுவிடும். முக்கியமாக பேஸ் ஒலி. எனவே பின்பக்கத்தை அடைத்துவைக்க ஒரு அறை வேண்டும். பெட்டி செய்கிற வேலை இதுதான். நம்ம ஆட்கள் பத்து ரூபாய்ப் பானையில் அதை முடித்துவிட்டார்கள்.

பானைக்கு இன்னொரு ப்ளஸ், அதன் உருண்டை வடிவம். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஹாரி ஓல்சன் என்று ஒரு விஞ்ஞானி. ஒரே ஸ்பீக்கரை கனசதுரம், உருளை, கூம்பு, உருண்டை என்று 12 வடிவப் பெட்டிகளில் மாட்டி அளந்து பார்த்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக ஒலித்தது எது தெரியுமா? உருண்டை! கூரான ஓரங்களில் ஒலி மோதிச் சிதறுவது அதில் இல்லை. சைக்கிள் கடை அண்ணன் ஓல்சனைப் படித்திருக்க மாட்டார். ஆனால் காது சரியான இடத்துக்கே கூட்டிப்போயிருக்கிறது.

மூணுல ரெண்டுதான்!

பானையைத் தாண்டி இப்போது கடைக்கு வந்துவிட்டோம். 'கையடக்க சைஸ், ஆளை அடிக்கிற பேஸ், ஃபுல் சத்தம்!' என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

ஒரு நிமிஷம். ஸ்பீக்கர் உலகில் இரும்புச் சட்டம் என்றே ஒன்று உண்டு. கே.எல்.ஹெச். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் சொன்னது. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறைய சத்தம். இந்த மூன்றில் நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது இரண்டுதான். மூணாவதை விட்டே ஆகவேண்டும். குழாயை எடுத்துக்கொள்ளுங்கள்: சத்தம் உண்டு, பேஸ் இல்லை. உங்கள் புளூடூத் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் மாதிரி ஏதோ வருகிறது, சைஸும் சின்னது. ஆனால் வால்யூமை ஏற்றினால் மூச்சு வாங்கும். தியேட்டரில் பேஸும் வேண்டும், சத்தமும் வேண்டும். அதனால் திரைக்குப் பின்னால் பீரோ சைஸில் பெட்டி!

1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த நம் தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிது என்று பேர் வாங்கியது. 2,500-க்கும் மேல் சீட். இன்று தியேட்டர் இல்லை. அந்த மாதிரி மகா ஹால்களை, வால்வு ஆம்ப்ளிஃபயர் கொடுத்த கொஞ்ச வாட்ஸை வைத்துக்கொண்டு நிரப்பவேண்டிய காலம் அது. அதனால்தான் அந்தக் காலத்துத் தியேட்டர் ஸ்பீக்கர் என்றாலே ஹார்ன்தான்.

சரி, வாட்ஸ் பொய்க்கு வருவோம். '3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று அட்டையில் போட்டு விற்ற செட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அதே செட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் பொடி எழுத்தில் 'மின்சாரச் செலவு 40 வாட்ஸ்' என்று இருக்கும். 40 உள்ளே போய் 3000 வெளியே வருமா பாஸ்? அப்படி வந்தால் மின்வாரியத்துக்கே அதை விற்றுவிடலாம்!

இன்னொன்று. வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் ஏத்தின மாதிரி' இருக்கும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற, சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே கடையில் வாட்ஸ் கேட்பதற்கு முன்னால் 'சென்சிட்டிவிட்டி எவ்வளவு?' என்று கேளுங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதுதான் அது. 84 போட்டிருக்கிற ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், 90 போட்டிருக்கிற ஸ்பீக்கருக்கு 25 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும்.

கண்ணை நம்பாதீர்கள் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். முதலில் திரைக்குப் பின்னால் மறைத்து மார்க் போடச் சொன்னார்கள். பிறகு காட்டிவிட்டு மார்க் போடச் சொன்னார்கள். பார்த்தவுடன் மார்க் மாறிவிட்டது! பெரிசாக, பளபளப்பாக இருந்ததற்கு மவுசு. சின்னதாக இருந்ததற்கு இறக்கம். காது ஒன்றைச் சொல்ல, கண் இன்னொன்றைக் கேட்டிருக்கிறது.

டூல் வருஷக்கணக்கில் ஆராய்ந்து சொன்ன இன்னொரு முக்கியமான விஷயம், நல்ல ஸ்பீக்கர் நேராகக் கேட்கிறவருக்கு மட்டும் நன்றாக இருந்தால் போதாது, பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலிக்கவேண்டும் என்பது. ஏனென்றால் பக்கவாட்டில் போன ஒலியும் சுவரில் பட்டு உங்களிடமே வந்து சேரும். அளவில் பெரிய ஸ்பீக்கருக்கு இதில்தான் வில்லங்கம். 12 இன்ச் ஸ்பீக்கர் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக, டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்க ஆரம்பிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் கூர்மையான ஒலி போய்ச் சேராது. உச்ச ஸ்தாயிக்கு ஒரு இன்ச் ட்வீட்டரைத் தனியாக வைப்பது அழகுக்கு இல்லை, அகலமாகப் பரப்புவதற்கு!

உங்க ரூம்தான் வில்லன்

இனி உங்கள் ஹாஸ்டல் அறைக்கு வருவோம். நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. சிமென்ட் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர். ஒலியைப் பொறுத்தவரை இதைவிட மோசமான அறையைக் கட்டுவது கஷ்டம்.

57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 20 அடி. அதில் பாதி 10 அடி. அதாவது உங்கள் அறையின் இரண்டு சுவருக்கும் நடுவில் அந்த அலை கச்சிதமாக மாட்டிக்கொண்டு ஊஞ்சல் ஆடும். நீளத்திலும் 10, அகலத்திலும் 10, உயரத்திலும் 10 என்பதால் மூன்று பக்கமும் அதே 57-தான். குத்துப்பாட்டில் 'டும் டும்' விழுகிற இடமும் ஏறத்தாழ அதே இடம். அந்த ஒரு சுரம் மட்டும் ஊதிப் பெருத்துவிடும்.

நம்பிக்கை இல்லையா? இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பேஸ் அதிகமான பாட்டு ஒன்றைப் போடுங்கள். சுவரை ஒட்டி நில்லுங்கள். 'தும்... தும்...' என்று நெஞ்சில் அடிக்கும். அப்படியே நடந்து அறையின் நட்டநடுவுக்கு வாருங்கள். பேஸ் மெலிந்துவிடும். பாட்டு மாறவில்லை, ஸ்பீக்கர் மாறவில்லை. நீங்கள் ஐந்தடி நகர்ந்தீர்கள், அவ்வளவுதான். நடுவில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிற ரூம்மேட் 'மச்சி, பேஸ் பத்தல, ஏத்து' என்பான். சுவரோரம் கட்டிலில் படுத்திருக்கிறவன் 'டேய், தலை வலிக்குது, இறக்கு' என்பான். ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான். நடுவில் சண்டை மூட்டிவிடுவது ரூம்!

ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இந்த ஊஞ்சல் இன்னும் வேகமாக ஆடும். மூலையில் இருந்து இரண்டு மூன்று அடி வெளியே இழுத்து வையுங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது ஸ்பீக்கர் வாங்குவதைவிட வித்தியாசம் கூடுதலாகவே தெரியும்.

ஒரு கை தட்டிப் பாருங்கள். 'டர்ர்ர்' என்று ஒரு எதிரொலி வருகிறதா? எதிரெதிர் வெறுஞ்சுவர்களுக்கு நடுவில் ஒலி பந்து விளையாடுகிறது என்று அர்த்தம். முட்டை அட்டையை ஒட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மெல்லிய காகிதம், பெரிதாக ஒன்றையும் உறிஞ்சாது. சுங்குடிச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டாலும் அதே கதைதான். இலவம் பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், கனமான ஜமுக்காளத்தை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். பேச்சு ஒலி டக்கென்று தெளியும். பேஸுக்கு மட்டும் இது போதாது. அது சுவரையே தாண்டிப் போகிற ஆசாமி. அதற்கு ஸ்பீக்கரின் இடத்தையும் நீங்கள் உட்காரும் இடத்தையும் மாற்றுவதுதான் வழி.

அத்தைக்கு ஏன் கேட்கவில்லை?

இப்போது அந்த விழா மண்டபத்துக்குத் திரும்புவோம். பளபளக்கும் கிரானைட் தரை, வழவழப்பான சுவர், கண்ணாடி ஜன்னல். போட்டோவுக்கு அழகு. காதுக்கு?

திருமலை நாயக்கர் மகாலுக்குப் போயிருப்பீர்கள். 17-ம் நூற்றாண்டுக் கட்டடம். பிரம்மாண்டமான தூண்கள், வளைவுகள். அங்கே உள்மண்டபத்தில் நின்று 'ஏய்' என்று ஒரு குரல் கொடுங்கள். குரல் உடனே சாகாது, சுற்றிச் சுற்றி வந்து அடங்கும். ராஜ தர்பாருக்கு அந்தக் கம்பீரம் பொருத்தம்தான். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் 500 பேரை உட்காரவைத்து மடமடவென்று பேர் வாசித்தால்?

இதை முதன்முதலாக அளந்தவர் உங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர். 1895. ஹார்வர்டு பல்கலைக்கழகம். புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை ஹாலில் பாடம் நடத்தினால் ஒருவருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் 'என்னவென்று பார்' என்றார்கள். பக்கத்து அரங்கத்தின் சீட் மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து ஹாலில் பரப்பினார். ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்தார். விடியும் முன் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். காலி ஹாலில் ஒலி அடங்க 5.5 நொடி! மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அப்படிப் பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் அரங்கம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அதே சூத்திரத்தை நம்ம ஊர் மண்டபத்துக்குப் போட்டுப் பார்ப்போமா? நீளம் 100 அடி, அகலம் 50, உயரம் 20. கல் தரை, பூச்சுச் சுவர், கொஞ்சம் திறந்த கதவு ஜன்னல். காலியாக இருந்தால் ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆகும். 500 பேர் வந்து உட்கார்ந்தால் சுமார் ஒன்றரை நொடி! மனிதர்களின் உடம்பும் துணியும்தான் அங்கே பெரிய மெத்தை. பாதி நாற்காலி காலியாகக் கிடந்தாலே தெளிவு சறுக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கு எங்களைச் சுற்றிப் பின்பாதி முழுக்கக் காலி பிளாஸ்டிக் நாற்காலிகள்.

நாம் நொடிக்கு நாலைந்து எழுத்து பேசுகிறோம். முதல் எழுத்து இன்னும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பத்து எழுத்து அதன் மேல் வந்து விழுகிறது. இதில் உயிரெழுத்து தப்பிவிடும், அதற்குச் சக்தி அதிகம். மெய்யெழுத்துதான் பாவம். க, ச, ப என்று பிரித்துக் காட்டுகிற அந்த மெல்லிய கீறல் ஒலிகள் மூழ்கிவிடும். 'பாண்டி' என்றாலும் 'சாந்தி' என்றாலும் 'காந்தி' என்றாலும் கடைசி வரிசைக்கு 'ஆ...இ' மட்டும்தான் வந்து சேரும்.

இங்கேதான் மைக் செட் அண்ணன் செய்த தப்பு. புரியவில்லை என்றதும் வால்யூமை ஏற்றினார். ஏற்றினால் நேராக வரும் ஒலியும் ஏறும், சுற்றிவரும் ஒலியும் அதே அளவு ஏறும். விகிதம் மாறாது! சாம்பாரில் உப்பு கூடிவிட்டால், அதே சாம்பாரை இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினால் சரியாகுமா?

வழி என்ன? ஒலியைக் கூரைக்கும் சுவருக்கும் அனுப்பாமல் ஆட்களுக்கு அனுப்பவேண்டும். இதற்கென்றே ஒரு டிசைன் இருக்கிறது. நாலைந்து சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய நெட்டைப் பெட்டி. தூண் மாதிரி இருப்பதால் 'காலம்' ஸ்பீக்கர் என்பார்கள். சர்ச்சுகளில் தூணுக்குத் தூண் மாட்டியிருப்பார்களே, அதுதான். நிறுத்திவைத்தால் ஒலி பக்கவாட்டில் அகலமாகவும், மேலும் கீழும் ஒல்லியாகவும் போகும். அதாவது கூரையை விட்டுவிட்டு ஆட்கள் மேல் மட்டும் விழும். பெரிய பொதுக்கூட்டங்களில், கச்சேரிகளில் வாழைத்தார் மாதிரி கிரேனில் தொங்குகிறதே, அந்த 'லைன் அரே'யும் இதன் அண்ணன்தான்.

நம் மண்டபங்களில் இந்தப் பெட்டியை மேடைக்கு மேலே குறுக்கே படுக்கவைத்து மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறதாம்! படுக்கவைத்தால் டிசைனே தலைகீழ். பக்கவாட்டில் ஒல்லி, மேலும் கீழும் அகலம். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கிடையாது, கூரைக்கு அபிஷேகம்!

இன்னொரு வழி, இரண்டு பெரிய பெட்டிக்குப் பதிலாகப் பல சின்னப் பெட்டிகள். ஆட்களுக்குப் பக்கத்திலேயே, குறைந்த சத்தத்தில். ஒரு சின்ன கவனம் மட்டும் வேண்டும். மேடை ஒலி 50 அடி தாண்டி வர சுமார் 0.04 நொடி ஆகும். நடுவில் இருக்கிற பெட்டி முந்திக்கொண்டு பேசினால் ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். அதை அதே அளவு தாமதப்படுத்தினால் போதும். இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் அதற்கென்றே 'டிலே' வசதி இருக்கிறது. பட்டனைத் தொட்டால் வேலை முடிந்தது.

காது ஒண்ணுதான் பாஸ்!

வால்யூமை ஏற்றியதால் அன்றைக்கு நடந்தது இன்னொன்று. முன்வரிசையில் பெட்டிக்கு நேராக உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காது 'ஞொய்ய்' என்றது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! உலகில் 110 கோடி இளைஞர்களின் செவித்திறன் ஆபத்தில் இருக்கிறது என்று 2015-ல் எச்சரித்தது உலக சுகாதார நிறுவனம். உள்காதில் செத்துப்போன மயிர்ச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

சட்டமும் சொல்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்து ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சத்தத்தை ஒலிக்கிற இடத்துக்குள்ளேயே நிறுத்தவேண்டும் என்றால், அதற்கும் சரியான ஸ்பீக்கரைச் சரியான திசையில் வைப்பதுதான் வழி.

விழா கமிட்டிக்கு ஒரு சீட்டு

உங்கள் டிபார்ட்மென்ட் விழாவுக்கு நீங்கள்தான் ஆடியோ பொறுப்பா? இதைக் கிழித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

* மைக் செட் பேசும்போது 'எத்தனை வாட்ஸ்?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை இடத்தில் பெட்டி வைப்பீங்க?' என்று கேளுங்கள்.

* நெட்டைப் பெட்டியை நிறுத்தி வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். லேசாகக் கீழ்நோக்கி, கடைசி வரிசையைப் பார்த்துச் சாயட்டும்.

* பேச்சு நிகழ்ச்சிக்கு மிக்ஸரில் பேஸைக் குறையுங்கள். கீழ் ஸ்தாயி இரைச்சல் குறைந்தால் மெய்யெழுத்து தலையைத் தூக்கும்.

* மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். தள்ளிப் பிடித்தால் மண்டபத்தின் எதிரொலியும் மைக்குக்குள் போய் மறுபடி வெளியே வரும்.

* பின்சுவரில் கனமான திரை, தரையில் ஜமுக்காளம். காலி நாற்காலிகளை எடுத்துவிட்டுக் கூட்டத்தை முன்னால் நெருக்கமாக உட்கார வையுங்கள்.

* பேர் வாசிக்கிறவரை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் இரண்டு நொடி. இந்தச் சிகிச்சைக்குப் பைசா செலவில்லை!

* கடைசியாக, இதுதான் முக்கியம். 'ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன், டூ, த்ரீ' என்று மேடையில் நின்று மட்டும் சோதிக்காதீர்கள். ஒரு நண்பனை மேடை ஏற்றி, உங்களுக்குத் தெரியாத பத்துப் பேர்களை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசைக்குப் போய், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதுங்கள். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் பாஸ். வராவிட்டால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், திருப்புங்கள், மறுபடி எழுதுங்கள்.

ஏன் கடைசி வரிசை என்கிறீர்களா? முன்வரிசை எப்போதும் சிறப்பு விருந்தினர்களுக்கு. முதல் பஸ் பிடித்து ஊரில் இருந்து வருகிறவர்களுக்குக் கிடைப்பது கடைசி வரிசைதான். அந்த ஒரே ஒரு பேரைக் கேட்பதற்காக அவர்கள் மூன்று வருஷம் காத்திருந்திருக்கிறார்கள்.

அது அவர்கள் காதில் தெளிவாக விழட்டும்!